வினோத உடை

பாலைப்பழக் காலம்.
முத்தையன்கட்டு இடதுகரையில்
எங்கள் முன்பள்ளிக்குக் கூரைத் தகரம் பதினெட்டு,
பிள்ளைகள் பதினான்கு.
ஆண்டு விழாவுக்கு மூன்று நாள் இருந்தது.

மிதுசனுக்கு வேடன் வேஷம்.
முகத்துக்குக் கரி,
இடுப்புக்கு வாழைச் சருகு, கிறேப் தாளைவிட மலிவு.
தும்புத்தடியின் காம்பைக் கழற்றி
நுனி சீவி ஈட்டியாக்கினேன்.
"ஊ, ஆ எண்டு கத்தவேணும்" என்று
நானேதான் சொல்லிக்கொடுத்தேன்.
எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

பாயில் இருந்தபடி லக்சிதா பார்த்தாள்.
"ரீச்சர், இவர் ஆர்?"
"வேடன்."
"அப்ப நாங்கள்?"

நாலரை வயது. நீலச் சட்டை.
ஒரு செருப்புக்கு வார் இல்லை.
"எங்கட அப்பா ட்ரக்டர் ஓடுறவர்.
கத்தமாட்டார்."

நான் பதில் சொல்லாமல்
ஈட்டி முனைக்கு வெள்ளித்தாள் சுற்றினேன்.

மறுநாள் தாய் வந்தாள், பூமலர்.
உரப்பை கட்டிய சைக்கிளை வேம்பில் சாத்திவிட்டு
படலைக்கு வெளியிலேயே நின்றாள்.
சண்டை பிடிக்க வந்த முகமில்லை.

"கச்சேரியில, முகாமில,
ஒரு படிவத்திலயும் நாங்கள் வேடர் எண்டு எழுதேல்லை ரீச்சர்.
எழுதக் கட்டமும் இல்லை.
வீட்டுக்குள்ள மட்டும் பிள்ளைக்குச் சொல்லி வச்சிருக்கிறம்.
நீங்கள் அதுக்குக் கரி பூசிப்போட்டியள்."

மன்னிப்புக் கேட்கத் தெரியாமல்
வேறொன்று கேட்டேன்:
ஒருநாள் வந்து பிள்ளையளுக்கு
உங்கட ஆக்களைப் பற்றிச் சொல்லுங்கோவன்.
சிரித்தாள்.
"நான் என்ன கண்காட்சியோ?
கச்சானுக்குக் களை எடுக்கப் போகோணும்."

சைக்கிள் போன தூசி அடங்கும்வரை நின்றேன்.
பிறகு ஒத்திகையை விட்டுவிட்டு
முடிச்சுப் போட்ட கயிற்றில் பதினான்கு கைகளையும் பிடிக்கவைத்து
காட்டோரம் போனேன்.
கண்ணிவெடி எடுத்து முடிந்ததாக
அலுமாரிக்குள் ஒரு கடிதம் இருக்கிறது.
அந்தக் கடிதத்தை நம்பி,
வெள்ளைத் தலைக் கட்டை நட்ட இடம் மட்டும்.

பாலை மரத்தடி முழுக்க மஞ்சள்.
கயிறு சிதறியது.
லக்சிதா மட்டும் குனியவில்லை.
மரத்தில் உள்ளங்கையை வைத்தாள்,
வாய்க்குள் ஏதோ வேகமாகச் சொன்னாள்,
பிறகுதான் பொறுக்கினாள்.
இரண்டு பழத்தை வேரடியில் திரும்ப வைத்தாள்.

"ஏனடி?" மிதுசன்.
"கேக்காமல் எடுக்கக்கூடாது."
"ஆரை?"
"அவையளை."
அவள் மேலே காட்டவில்லை, காட்டைக் காட்டினாள்.

மிதுசன் கையிலிருந்ததையெல்லாம் கீழே கொட்டிவிட்டு
மரத்தில் கை வைத்தான்.
என்ன சொல்வதென்று தெரியாமல்
"குட் மோர்னிங்" என்றான்.
மற்றவர்களும் சொன்னார்கள்.
நானும் கை வைத்தேன்.
பட்டை சொரசொரத்தது,
எறும்பொன்று மோதிர விரலைக் கடந்து போனது.

பாலைப்பால் உதட்டில் பிசினாய் ஒட்ட
பள்ளிக்குத் திரும்பும்வரை
ஒருவரும் ஊ என்றோ ஆ என்றோ கத்தவில்லை.

விழாவன்று அலுவலர் நிகழ்ச்சி நிரலில் விரல் வைத்து
"வேடன் எங்கை?" என்றார்.
"பதினான்கு பேர் வந்திருக்கினம் சேர்" என்றேன்.
அது பதிலா என்று யோசித்தபடி வடை எடுத்தார்.
மிதுசன் லக்சிதாவின் அப்பாவாக வந்தான்,
இடுப்பில் கயிறு கட்டிய பிஸ்கட் பெட்டி, அதுதான் ட்ரக்டர்.
லக்சிதா மயில்.
ஒரு இறகுகூட இல்லை,
கழுத்தை வெட்டி வெட்டி நடந்தாள், அவ்வளவுதான்.

மாத அறிக்கையில் ஒரு கட்டம்:
வெளிச் செயற்பாட்டில் கற்ற புதிய சொல்.
மரத்தடியில் அவள் சொன்னதைக்
கேட்டிருக்கலாம், நிரப்பியிருக்கலாம்.
கட்டம் வெறுமையாகவே போயிற்று.

ஈட்டியைத் திரும்பத் தும்புத்தடியில் செருகினேன்.
மேல்முனையில் கொஞ்சம் வெள்ளித்தாள்
சுரண்டியும் போகாமல் இருக்கிறது.
பாயடியில் இன்னும் பாலை விதைகள்.
எவர் சட்டைப்பையிலிருந்து விழுகின்றனவோ,
காலையும் மாலையும்
வாசல் மண்ணுக்குக் கூட்டித் தள்ளுகிறேன்.